ஏழு பூட்டும் மூன்றாவது சாவியும்

வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று நீதிபதிக்கு எதிரே நின்று சொல்வதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அதிலும் அந்த மனிதர் சாவி செய்து பிழைப்பவராக இருந்தால்? பூட்டுக்காரர் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, பால்குடி மறக்காத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"பூட்டு ரிப்பேருங்க. டூப்ளிகேட் சாவியும் போடுவேன். கடைத்தெருவுல இருபத்திரண்டு வருஷமா கடை வெச்சிருக்கேன்."

"தொலைஞ்சுபோன சாவிக்கு வேற சாவி போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"மத்தவங்களுக்குன்னா பத்து நிமிஷங்க."

கோர்ட்டே சிரித்தது. டைப் அடிக்கிற அம்மாள்கூடக் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரிக்காதவள் ஒருத்திதான். பதினொரு வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தி, போதும் சாமி என்று விவாகரத்து வாங்கியவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. பூட்டுக்காரர் கல்யாணமான புதிதில் செல்லமாகவும், பிறகு கோபமாகவும், கடைசியில் வக்கீல் நோட்டீஸிலும் அவளைக் கண்ணாடிக்காரி என்றே குறிப்பிட்டார்.

விவாகரத்துத் தீர்ப்பில் குழப்பமே இல்லை. வீடு அவளுக்கு. கடை, கடைக்கு மேலே உள்ள மாடி அறை, தொழில் கருவிகள், சரக்கு எல்லாம் அவருக்கு. முப்பது நாளில் ஒப்படைக்க வேண்டும். தனக்கு வர வேண்டியதை அவர் மூன்றாவது நாளே எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டார். போகிற போக்கில் வீட்டு வாசற்கதவுக்கு ஏழு பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். அதோடு பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

"தீர்ப்பு வாங்கறது கால்வாசி வேலைம்மா," என்றார் வக்கீலம்மா. "அதை நடத்திக் காட்டறதுதான் முக்கால்வாசி. இதை நீங்க என்கிட்ட முதல்லயே கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பேன்."

வீம்பு என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் கிடையாது. அந்த வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை, கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்கக்கூட மாட்டார். ஆனால் தன்னை வேண்டாம் என்று சொன்னவள் தன் பூட்டைத் தாண்டி உள்ளே போய்விடுவாளா என்று கடைக்கு வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடை வாசலில் தொங்கிய பலகையில் ‘எங்கள் கைக்குத் திறக்காத பூட்டு இல்லை’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே புதிதாக, சிவப்புச் சாயத்தில், ‘எங்கள் பூட்டு எவர் கைக்கும் திறக்காது’ என்று சேர்த்திருந்தார்.

இந்தப் பதினான்கு மாதமும் கண்ணாடிக்காரி அக்காள் வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்தாள். அக்காள் தங்கம். அத்தானும் நல்லவர்தான், ஆனால் தன் வீட்டிலேயே தண்ணீர் குடிக்க எழுந்துவரும் முன் மூன்று தடவை தொண்டையைக் கனைத்து அறிவிக்க வேண்டியிருக்கிற மனிதர் எத்தனை நாளைக்கு நல்லவராகவே இருப்பார்? போதாததற்கு ஒன்றாம் தேதி அத்தானின் அப்பாவும் அம்மாவும் நிரந்தரமாகத் தங்க வருகிறார்கள்.

"நான் உன்னைப் போகச் சொல்லலடி," என்றாள் அக்காள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா சோபாவையும் எடுத்துட்டு அங்க கட்டில் போடணும்னு அவர் சொல்றார்."

ஆகவே முப்பதாம் தேதிக்குள் அவளுக்கு வீடு வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அவளுக்கு வேண்டியது வெறும் கூரை என்று நினைத்துவிடக் கூடாது. கூரை வாடகைக்குக்கூடக் கிடைக்கும். தன்னைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாத ஒரு கதவு அவளுக்கு வேண்டியிருந்தது. பூட்டுக்காரர் எந்தப் பூட்டுக்கும் மூன்று சாவி செய்வார். இரண்டு ஊரறிய, மூன்றாவது அவர் இடுப்பு வளையத்தில். அவளுடைய பீரோ, டிரங்குப் பெட்டி, கண்ணாடிக் கடையில் அவள் மதியச் சாப்பாடு வைக்கிற சின்ன அலமாரி, எல்லாவற்றுக்கும் அந்த வளையத்தில் ஒரு சாவி உண்டு. சாவி இல்லாத இடத்தில் அவளுடைய ஹேர்பின் இருந்தது. அந்த வீட்டில் ஒரு ஹேர்பின்கூட நேராக இருந்ததில்லை. சந்தேகப் புத்தியா என்றால் அதுவும் இல்லை. திறக்க முடிகிறது, அதனால் திறந்தார். உள்ளே இருந்த எதையும் ஒருநாளும் அவர் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. குடும்பநல ஆலோசகர், "உங்க மனைவி பிறந்த தேதி என்ன?" என்று படிவத்தை நிரப்பக் கேட்டபோது, மோட்டுவளையைப் பார்த்து யோசித்துவிட்டு, "அது ஃபைல்ல இருக்கும் சார்," என்றார். இருபது வருஷத்துக்கு முன் யாருக்கோ போட்டுக் கொடுத்த சாவியின் பல்வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர் அவர்!

வக்கீலம்மா மறுபடி மனுப் போட்டு, பூட்டை உடைத்து வீட்டை ஒப்படைக்க உத்தரவு வாங்கித் தந்தார். உத்தரவைக் கையோடு கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியவர் கோர்ட்டு அமீனா. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, முழங்கால் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. உத்தரவில் உள்ளதில் ஒரு எழுத்துக்கூடக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்.

முதல் தடவை வந்தபோது தன் வழக்கமான பூட்டு ஆள் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் பையைத் திறந்து, உளியை எடுத்து, முதல் பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு பாம்பைப் பிடித்தவர் போலக் கையை எடுத்துவிட்டார்.

"இது கடைத்தெரு அண்ணன் போட்டது. நான் தொடமாட்டேன்."

"ஏன்?" என்றாள் கண்ணாடிக்காரி.

"தொழில்காரன் சொந்த வீட்டுக்குப் போட்ட பூட்டுல இன்னொரு தொழில்காரன் கைவைக்கக் கூடாதும்மா. அவர் பக்கத்துல நின்னு ‘ம்’னு தலையாட்டணும். எங்க வழக்கம் அப்படி. நாளைக்கு என் வீட்டுப் பூட்டை எவனாவது திறந்தா நான் யார்கிட்டப் போய் நியாயம் கேக்கறது?"

ஊரில் உள்ள பூட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். கதவையே உடைத்துவிடலாமே என்று அத்தான் யோசனை சொன்னார். அவருக்கு அவசரம், பாவம். அமீனா உத்தரவை இன்னொரு தடவை படித்தார்.

"பூட்டை உடைக்கலாம்னுதான் இருக்கு. கதவைச் சேதப்படுத்தாமல்னு தனியா எழுதியிருக்கு. நான் என்ன பண்றது?" என்றார். டைரியில் ‘பூட்டு இருந்தது, திரும்பினேன்’ என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று மத்தியானம் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரிக்கு ஒன்று உறைத்தது. இத்தனை மாதமும் பூட்டைத் திறக்க வழி தேடிக்கொண்டிருந்தோமே, பூட்டுப் போட்டவரைத் திறப்பது அதைவிடச் சுலபமாயிற்றே! பதினொரு வருஷம் சும்மாவா குப்பை கொட்டினாள்?

வேலை முடிந்ததும் நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அங்கே மெஷின்காரர் கடை வைத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர், மின்சார மெஷினில் சாவி வெட்டுகிறவர். பூட்டுக்காரர் அவரைத் தொழில்காரர் என்றே ஒத்துக்கொள்வதில்லை. ‘கரும்பு பிழியற மெஷினை வெச்சுக்கிட்டுச் சாவி பிழியறான்’ என்பார். அது மெஷின்காரர் காதுக்குப் பலமுறை வந்திருந்தது.

"உங்க வழக்கம் எனக்குத் தெரியும், அதனால நீங்க வரவேண்டாம்," என்று ஆரம்பித்தாள். "அவர் சொன்னதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஏழு பூட்டுல மூணுகூட உங்களால திறக்க முடியாதாம்."

மெஷின்காரர் மெஷினை நிறுத்தினார்.

"அவர் என்னைத் தொழில்காரனாவே மதிக்கலியேம்மா. அப்புறம் அந்த வழக்கம் எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்றார். "எந்தத் தேதி?"

அடுத்து அமீனாவிடம் போனாள். உத்தரவு முப்பதாம் தேதியோடு காலாவதி. பூட்டு உடைக்கும் நாளை எதிர்தரப்புக்கு நோட்டீஸாக ஒட்ட வேண்டும்.

"நோட்டீஸ்ல திறக்கப்போறது யாருன்னும் எழுதிடுங்க சார். பெரிய எழுத்துல."

"அப்படி எழுதற வழக்கம் இல்லியேம்மா."

"எழுதக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

அமீனா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு மணி நேரம் புரட்டினார். எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. எழுதினார். பூட்டுக்காரர் கடைக் கதவில், சிவப்புச் சாயப் பலகைக்கு நேர் கீழே, பசை தடவி ஒட்டினார்.

முப்பதாம் தேதி மூன்று மணிக்கு அந்தத் தெருவில் நல்ல கூட்டம். "சூரியன் மறைஞ்ச பிறகு வீட்டுக்குள்ள நுழையக் கூடாது, சட்டம்," என்று அமீனா எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டுப் படியில் குடையை ஊன்றி உட்கார்ந்தார். எதிர் வீட்டு மதில் நிழலில், யாரிடமோ ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பூட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை வேறு. கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஜம்மென்று இருந்தார்.

முதல் இரண்டு பூட்டையும் மெஷின்காரர் மளமளவென்று திறந்தார். "கடையில வாங்கினது," என்றார் பூட்டுக்காரர் பக்கத்தில் நின்றவரிடம். "குழந்தைகூடத் திறக்கும்." மூன்றாவது திறந்தது. "அது துருப்பிடிச்சது." நான்காவதற்கு அரைமணி ஆயிற்று. ஐந்தாவதற்கு முக்கால் மணி. ஆறாவது, மெஷின்காரர் சட்டை முழுதும் நனைந்து, விரலில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்த பிறகு, மனமில்லாமல் வாயைத் திறந்தது. கூட்டம் கை தட்டியது. பூட்டுக்காரர் ஸ்டூலைச் சாலையில் ஓரடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஏழாவது பூட்டு உள்ளங்கை அகலம். அவரே வார்த்து, அவரே அராவிச் செய்தது. அதைச் செய்த மூன்று மாதமும் அவர் கண்ணாடிக்காரியிடம் பேசிய மொத்தப் பேச்சும் ‘எண்ணெய் எங்கே?’ என்பதுதான். மெஷின்காரர் கம்பியை விட்டுப் பார்த்தார், வேறு கம்பியை விட்டுப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். வெயில் மதிலின் மேல்விளிம்புக்கு ஏறிவிட்டது. அமீனா வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டைரியைத் திறந்தார்.

கண்ணாடிக்காரி ஸ்டூலில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக் காலை அக்காள் வீட்டில் சோபா இருக்காது. இந்த மனிதரைப் பற்றித் தான் போட்ட கணக்குத் தப்பாக இருந்தால்? பதினான்கு மாதத்தில் மாறியிருந்தால்? பதினொரு வருஷத்தில் மாறாதவர் மாறுவதற்கு இதுதானா நேரம்?

"டிரில் போட்டுட வேண்டியதுதான்," என்றார் மெஷின்காரர். பையிலிருந்து துளைபோடும் மெஷினை எடுத்து, பூட்டின் நடு வயிற்றில் வைத்தார்.

"டேய்! டேய்! கையை எடுடா!"

ஸ்டூல் ஒரு பக்கம் உருண்டது, செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. பூட்டுக்காரர் நாலே எட்டில் சாலையைத் தாண்டி வந்துவிட்டார்.

"அதுல போய் டிரில் வைப்பியா? மனுஷனாடா நீ? உள்ள என்ன வேலை நடந்திருக்குன்னு தெரியுமா உனக்கு? இடது பக்கம் நாலு நெம்புகோல் இருக்கு, அதைத் தூக்காம வலது பக்கம் எத்தனை குடைஞ்சாலும் பொழுதுக்கும் குடையணும். தள்ளு! தள்ளுங்கறேன்ல!" கையைப் பின்னால் நீட்டினார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "பின் குடு."

கண்ணாடிக்காரி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி அந்தக் கையில் வைத்தாள்.

அவர் அதைப் பல்லால் கடித்து வளைத்தார். கண்ணை மூடினார். ஒரு தடவை மேலே, ஒரு தடவை உள்ளே, லேசாக ஒரு திருப்பு. பூட்டு ‘களுக்’ என்றது. தெருவே ஆர்ப்பரித்தது. மெஷின்காரரே வாய்விட்டு, "பலே!" என்றார். பூட்டுக்காரர் திறந்த பூட்டை உயர்த்திக் காட்டி, நாலு பக்கமும் தலையை ஆட்டிப் பாராட்டை வாங்கிக்கொண்டார். கதவு தானாகவே பின்னால் நகர்ந்து உள்ளே ஹால் தெரிந்த பிறகுதான் தாம் என்ன காரியம் செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. உயர்த்திய கை அப்படியே நின்றது.

அமீனா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டைரியில் எழுதினார். "எதிர்மனுதாரர் தாமே முன்வந்து கதவைத் திறந்து கொடுத்தார். நேரம், ஐந்து ஐம்பது."

"நான் எங்கய்யா முன்வந்தேன்?"

"சாலையைத் தாண்டியே வந்தீங்களே. இத்தனை பேர் சாட்சி இருக்காங்க. இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டார். வேறு என்ன செய்வார்? ஆனாலும் ஆள் லேசுப்பட்டவரா? ஏழு பூட்டும் தொழில் சரக்கு, தீர்ப்புப்படி தன்னுடையது என்றார். அமீனா தீர்ப்பைப் புரட்டி, ஆமாம், கழற்றின பூட்டு அவருடையதுதான் என்றார். பூட்டுக்காரர் ஏழையும் பையில் போட்டுக்கொண்டு, பெரியதை மட்டும் மறுபடி வெளியே எடுத்தார்.

"வெறும் கதவை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? இதை நீயே வெச்சுக்க. ஊர்ல எவனாலயும் திறக்க முடியாது, பாத்தேல்ல? ரெண்டு சாவி தர்றேன்."

"மூணாவது சாவி?"

பூட்டுக்காரர் கீழே கிடந்த செருப்பைத் தேடினார். "அது… ஒரு பாதுகாப்புக்குத்தானே. என்கிட்ட இருக்கட்டுமேன்னு."

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. அசதிதான் வந்தது. மெஷின்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, சாவியே இல்லாத பூட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

மெஷின்காரர் பைக்குள் கையைவிட்டு ஒரு நம்பர் பூட்டை எடுத்தார். நாலு சக்கரம், சாதாரணப் பூட்டு. பூட்டுக்காரர் அதைப் பார்த்து, சாப்பாட்டில் கல் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் ஒரு பூட்டா!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மெஷின்காரர் எண் வைக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் கேளுங்கம்மா. பொறந்த தேதியை மட்டும் வெச்சுடாதீங்க. எல்லாரும் அதைத்தான் வைப்பாங்க. உங்க வீட்டுக்காரரா இருந்தவர் வேற, முதல் தடவையே போட்டுத் திறந்துடுவாரு."

"அவரா?" என்றாள் கண்ணாடிக்காரி. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அமீனா என்னமோ ஏதோ என்று குடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரமாகத் திருப்பி, தன் பிறந்த தேதியை வைத்தாள். செப்டம்பர் பதினேழு. ஒன்று, ஏழு, பூஜ்யம், ஒன்பது.

மறுநாள் காலையில் அக்காள் வீட்டிலிருந்து பெட்டியோடும் பாயோடும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, வாசற்படியில் பூட்டுக்காரர் குனிந்து நின்றிருந்தார். நம்பர் பூட்டு அவர் கையில் இருந்தது.

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கம்பி போட்டுத் திறக்கறது பெரிசில்ல. அது கௌரவம் இல்ல. நம்பரைக் கண்டுபிடிச்சுத் திறக்கணும். கடை திறந்த தேதி போட்டுப் பாத்தேன், வரல. நம்ம கல்யாணத் தேதி, வரல. என்னதான் வெச்சிருக்கே?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய நம்பர்தான்."

"ஒரு துப்புக் குடேன்."

"வருஷத்துக்கு ஒரு தடவை வரும்."

பூட்டுக்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். பிறகு முகம் மலர்ந்தது.

"வீட்டு வரி கட்டக் கடைசி நாளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதரோடா பதினொரு வருஷம்! பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் நகருங்க. அது என் வீட்டுப் பூட்டு."

அவர் நகர்ந்தார். அவள் கையால் மறைக்கக்கூட இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு சக்கரத்தையும் நிதானமாகத் திருப்பினாள். பூட்டு திறந்தது. அதைக் கழற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டு, பெட்டியையும் பாயையும் உள்ளே வைத்தாள். நாளைக்கு வேறு எண் வைத்துக்கொள்ளலாம், அதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

பூட்டுக்காரர் இன்னும் படியிலேயே நின்று, விரலை மடக்கி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு, ஏழு, சைபர், ஒம்போது… பதினேழு, ஒம்போது. ஏய், அது என்ன தேதி?"

"ஃபைல்ல இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரி கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.